தம்பிக்கு: அம்மா ராமென் சாப்பிட்ட கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா, அம்மா, உன் அத்தான், உன் மருமகன், நான் எல்லாருமாக நம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குப் போய் ராமென், அதுதான் சாற்றில் போட்டுத் தருகிற ஜப்பான் நூடுல்ஸ், சாப்பிட்டு வந்தோம். போனிலேயே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அம்மா இருப்பாள், பாதியை விழுங்க வேண்டியிருக்கும். நம் தெருவிலேயே வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடு நாலைந்து இருக்கிறது, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எல்லாம் அம்மாவால்தான். நீ ஜப்பானில் ஃபுகுவோகா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு ராத்திரியும் சோறு போடும்போது, "பிள்ளை அங்க என்னத்தச் சாப்பிடுதானோ" என்று ஒரு வார்த்தை வந்துவிடும். உங்கள் ஊர் ராமென் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுக்கிற சாறு என்று உன் மருமகன் சொன்ன நாளிலிருந்து அது இன்னும் கூடிப்போனது. சைவ வீட்டுப் பிள்ளை பசியோடு படுக்கிறானா, பழகிவிட்டானா? எது என்றாலும் அவளுக்கு வருத்தம்தான். இங்கே ஒரு ராமென் கடை வந்திருக்கிறது, சைவத்திலும் உண்டாம் என்றேன். "எல்லாரும் போவோம், நானும் ஒரு வாட்டி தின்னு பாக்கணும்" என்றாள். ஓட்டலுக்குப் போகலாம் என்று அம்மா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சின்னக் கடை. அடுப்படி கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சமைக்கிற பையன் அம்பாசமுத்திரத்துக்காரன், சிங்கப்பூரில் ஜப்பான் ஓட்டலில் வேலை பார்த்தவன். சாறு எதில் எடுக்கிறாய் என்று அம்மா கேட்க, "கொம்புல பெரியம்மா" என்றான். அம்மா எழுந்தேவிட்டாள். மாட்டுக்கொம்பு என்று நினைத்துவிட்டாள். அவன் பதறிப்போய் உள்ளேயிருந்து ஒரு பட்டையை எடுத்து வந்து அவள் கையிலேயே கொடுத்தான். கறுப்பாக, காய்ந்த ஓலை மாதிரி விறைப்பாக இருந்தது. மேலே மெல்லிய வெள்ளைப் பொடி. கடலில் விளைகிற பாசி அது, ஜப்பானில் அதன் பேரே கொம்பு. அந்தப் பொடியைக் கழுவக் கூடாதாம். 1908இல் இகெதா என்ற பேராசிரியர் இந்தப் பாசியிலிருந்துதான் உமாமி ருசி, அதாவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தாண்டிய ஐந்தாவது ருசி, எது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அம்மா முகர்ந்து பார்த்து, "உவரி கடக்கரை வாசம்லா அடிக்கி" என்று உட்கார்ந்தாள்.

அப்புறம் அவள் கண் அடுப்படியைவிட்டு நகரவில்லை. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அது சூடானதும் கொட்டினான். அடியில் ஒரு கரண்டி மிஸோ. சோயாவைப் புளிக்கவைத்த விழுது, உனக்குத் தெரியும். கொம்பும் காய்ந்த காளானும் ஊறிய சாற்றில் சோயாப் பால் கலந்து சுடவைத்து ஊற்றிக் கரைத்தான். கடைசியில் நூடுல்ஸ். மிஸோவைக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும் என்றான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தலைப்பால் ஊத்துனப்புறம் சொதியக் கொதிக்க விடுவோமா? அதே கைப்பக்குவம்தாம்ட்டி." என் மறுவீட்டில் நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட தேங்காய்ப்பால் சொதிதான் எனக்கும் ஞாபகம் வந்தது. இஞ்சி வாசம், பாலின் கனம், நாக்கில் நிற்கிற உப்பு, எல்லாம் ஏதோ ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி.

நூடுல்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமை மாவைச் சோடா உப்பு மாதிரியான கார உப்புத் தண்ணீரில் பிசைவதால்தான் அந்த மஞ்சள் நிறமும் இழுவையும். அல்வாவுக்குக் கோதுமையை அரைத்துப் பாலை எடுத்துக்கொண்டு சக்கையைப் பிழிந்து ஒதுக்குகிறோம் இல்லையா, அந்தச் சக்கையில் போகிற பசைதான் இவர்கள் நூடுல்ஸுக்கு உயிர். கோதுமையில் நாம் வேண்டாம் என்று விட்டதை வைத்து ஒரு ஊரே சாப்பிடுகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் சூடும் ஆறும், மணமும் மூக்குக்கு ஏறும் என்று அந்தப் பையன் சொன்னான். ரசத்தை உறிஞ்சிக் குடித்ததற்கு உன் முதுகில் போட்ட அப்பாதான் முதலில் உறிஞ்சினார். நல்ல சத்தம். "அவன அடிச்சிருக்கக் கூடாது" என்று கிண்ணத்தைப் பார்த்தே சொன்னார். உனக்கு இதை எழுதியே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

கிண்ணம் 350 ரூபாய், நமக்கு அதிகம்தான். மேலே வைத்த மூங்கில் குருத்து எனக்குப் பிடிக்கவில்லை, உன் மருமகன் அதையும் எடுத்துக்கொண்டான். அம்மா கிண்ணத்தைத் தூக்கிச் சாறு முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் ராத்திரி சோறு போடும்போது அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "அங்க கொம்பு கிலோ என்ன வெலைன்னு அவன்ட்ட கேளு" என்றாள்.

விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அக்கா