வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது கூட்டங்கள் நடந்தன. ஒன்று மழையால் நின்றது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால் நான் அதற்குள் போகவில்லை.

பிரெஞ்சு வரலாற்றை ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்று தொடங்கி, 1877 தேர்தலிலேயே நான்கு கூட்டங்கள் உட்கார்ந்துவிட்டோம். புதுச்சேரிக்காரர்களான நமக்கு அதில் ஒட்டுதலும் உண்டு: அந்தப் பாரிஸ் மக்களவையில் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஓர் இடம் இருந்தது.

கதை இதுதான். 1876 தேர்தலில் குடியரசுவாதிகள் மக்களவையைப் பிடித்தார்கள். அதிபர் மார்ஷல் மக்மஹோனோ முடியாட்சிப் பக்கம் சாய்ந்தவர். 1877 மே 16 அன்று பிரதமர் ஜூல் சிமோனைக் கண்டித்து அவர் கடிதம் எழுத, சிமோன் விலகினார். அடுத்து வந்த புரோய் கோமகனின் அரசை 363 உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். மேலவையான செனட்டின் ஒப்புதலோடு ஜூனில் அவை கலைக்கப்பட்டது.

பிரசாரம் பற்றிய கூட்டத்துக்குத்தான் நாற்காலி போதவில்லை. அரசு வேட்பாளர்களின் சுவரொட்டிக்கு மட்டும் அரசு அறிவிப்புகளுக்கே உரிய வெள்ளைத் தாள். மாவட்ட ஆட்சியாளர்கள் கூண்டோடு மாற்றம். குடியரசுவாதிகள் கூடுகிறார்கள் என்று மதுக்கடைகளுக்குப் பூட்டு! "இதெல்லாம் நமக்குப் புதுசா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்றார்கள், எழுதிவிட்டேன். "அடிபணிய வேண்டும், இல்லை பதவி விலக வேண்டும்" என்று லீல் நகரில் மக்மஹோனைக் குறித்துப் பேசிய குடியரசுவாதத் தலைவர் கம்பெத்தாவுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 363 பேராகப் போகிறோம், 400 பேராகத் திரும்புவோம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அக்டோபரில் திரும்பியவர்கள் சுமார் 320 பேர்தான். இருந்தாலும் பெரும்பான்மை அவர்களுடையதே.

பின்விளைவு பற்றித்தான் சண்டை. சட்டம் படித்த உறுப்பினர், அவையைக் கலைத்தது சட்டப்படி சரியே என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சரி, சட்டப்படி சரிதான். ஆனால் புதிய அவை அரசுத் தரப்பினர் 70 பேருக்கு மேற்பட்டவர்களின் வெற்றியைச் செல்லாது என்றது. டிசம்பரில் மக்மஹோன் பணிந்து மிதவாதக் குடியரசுவாதியான துஃபோரைப் பிரதமராக்கினார். 1879 ஜனவரி 30-இல் தாமே விலகினார். அப்புறம் குடியரசுவாதியான ஜூல் கிரேவி அதிபராக வந்தார். அந்த மூன்றாம் குடியரசு இருந்தவரை, அதாவது 1940 வரை, எந்த அதிபரும் அவையைக் கலைக்கத் துணியவில்லை. உரிமை ஏட்டில் இருந்தும் கைவிட்டுப் போனது என்பதே என் கட்சி. சட்ட உறுப்பினர் இன்னும் ஒப்பவில்லை.

அடுத்த ஆண்டுக்கு, 1880-களின் இறுதியில் அதே குடியரசை ஆட்டிப்பார்த்த ஜெனரல் புலாஞ்சேயை எடுக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்திவிடவும். தேநீர்க்கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
செயலாளர்