வளைவுக்கு முன் வடிகால்

ஏற்காடு
12-1-2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் மார்கழிக் குளிரோடு வந்து சேர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கோல் இல்லாமலேயே வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது.

நம் வகுப்பில் படித்தவர்கள் சேர்ந்து பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டித் தர ஒன்றரை லட்சம் ரூபாய் திரட்டியிருப்பதாகவும், பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த வளைவு இப்போது வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அன்போடு சேர்த்த பணத்தைப் பற்றி இப்படிச் சொல்லத் தயங்கி இரண்டு நாட்கள் பதில் எழுதாமல் இருந்தேன். நான் பார்த்தவற்றை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீயே யோசித்துச் சொல்.

சென்ற மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை சேலத்தையும் நம் மலையையும் எப்படி அடித்தது என்று செய்திகளில் பார்த்திருப்பாய். மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்தது. மழை விட்டபின் தலைமை ஆசிரியை அழைத்ததால் பள்ளிக்குப் போனேன். ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அந்த வகையில் நானும் இப்போது குழுவில் இருக்கிறேன். நாம் படித்த ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதற்குப் பின்னால், நாம் பள்ளியை விட்டு வந்து பல ஆண்டுகள் கழித்துக் கட்டிய கான்கிரீட் வகுப்பறைகள் இரண்டிலும் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஓரிடத்தில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருவார்கள். அன்று விடுமுறையாக இருந்தது நம் நல்ல காலம்.

பழைய கட்டடம் தாங்கியதற்கும் புதிய கட்டடம் ஒழுகியதற்கும் காரணம் தேடியபோது, நம் காலத்துத் தலைமை ஆசிரியர் நினைவுக்கு வந்தார். ஒவ்வொரு சித்திரையிலும் கூரை மேல் ஆளை ஏற்றி, உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு மாற்றோடு வைப்பாரே, நாம் வரிசையில் நின்று ஓடுகளைக் கைமாற்றிக் கொடுப்போமே, நினைவிருக்கிறதா? அந்த வழக்கம் இன்றும் அறுந்துபோகவில்லை. சத்துணவு அமைப்பாளரின் கணவர் ஆண்டுதோறும் ஏறிப் பார்க்கிறார். ஆனால் கான்கிரீட் தளத்துக்கு எந்தக் கவனிப்பும் தேவையில்லை என்று எல்லாரும் நம்பிவிட்டோம். அதன் மேல் ஏறப் படியும் இல்லை, ஏணியும் இல்லை. கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து ஏணி வைத்து ஏற்றிய பிறகுதான் நிலைமை தெரிந்தது. சுற்றியுள்ள சில்வர் ஓக் மரங்களின் சருகு மக்கி, மழைநீர் வெளியேறும் குழாய்களை முழுவதுமாக அடைத்திருந்தது. தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டிருந்த சுருக்கி பல இடங்களில் வெடித்து, தட்டோடுகள் பெயர்ந்து கிடந்தன. மழை பெய்யும்போதெல்லாம் தளம் ஒரு குட்டையாகவே நின்றிருக்கிறது. தேங்கிய நீர் வெடிப்பு வழியாகக் கம்பியைத் தொட்டுவிட்டால், துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கத் தொடங்கிவிடும். கீழிருந்து பார்த்துச் சிமெண்டு பூசி வெள்ளையடிப்பதால் கண்ணுக்கு மறையுமே தவிர, பிளவு நிற்காது. நம் பள்ளியில் இரண்டு முறை அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

பின்சுவரின் நிலை இன்னும் கவலை தருவது. சரிவை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் கட்டடம் நிற்பதால், மேட்டிலிருந்து வரும் நீர் முழுவதும் பின்பக்கத் தடுப்புச் சுவரில் வந்து முட்டுகிறது. நீர் வெளியேறுவதற்காகச் சுவரில் விட்டிருந்த துளைகள் மண்ணால் மூடிப்போயிருக்கின்றன; சுவரின் நடுப்பகுதி சற்றே முன்னால் தள்ளியிருப்பதை நூல் பிடித்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனதை நாம் மறக்க முடியாது. அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். நம் கட்டடம் இடிக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்பதே என் நம்பிக்கை. அது அந்த நிலைக்கு வராமல் காப்பதுதான் இப்போது நம் முன்னால் உள்ள வேலை.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். வங்கியில் இருந்தவளாகையால் உனக்கு இது எளிதில் விளங்கும். பள்ளியில் இப்போது 64 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். மீதியில் சுண்ணக்கட்டி, பதிவேடுகள், மின்விளக்கு, சில்லறைப் பழுது எல்லாம் அடங்க வேண்டும். கூரை வேலைக்கு அது போதவே போதாது. இது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பதால் பெரிய மராமத்தை ஒன்றியம்தான் செய்ய வேண்டும். ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். சிறு ஊர்களின் பள்ளிகளெல்லாம் அதே பொறியாளரைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் சென்ற வாரம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றிருப்பதால், யாரை எப்போது போய்ப் பார்ப்பது என்பதே இப்போது ஒரு வேலையாகிவிட்டது.

ஆனாலும் ஒரு வழி தெரிகிறது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதி இரண்டு பங்கை அரசு ஏற்கும். கூரையில் சுருக்கியைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டு நீர் வடியும் வாட்டத்தைச் சரிசெய்வது, தடுப்புச் சுவரின் துளைகளைத் திறந்து பின்பக்கம் அறுபதடி நீளத்துக்கு வடிகால் கட்டுவது, நிரந்தரமாக ஓர் இரும்பு ஏணி பொருத்துவது ஆகிய மூன்றுக்கும் கொத்தனாரும் நாங்களும் போட்ட தோராயக் கணக்கு 3,30,000 ரூபாய். மணலும் ஜல்லியும் சேலத்திலிருந்து மலையேறி வர வேண்டியிருப்பதால் கீழே ஆவதைவிட இங்கே கூடுதலாகத்தான் ஆகும். பொறியாளரின் மதிப்பீடு சற்று மாறலாம். இந்தக் கணக்குப்படி மக்கள் பங்கு 1,10,000 ரூபாய். வளைவுக்கென்று நீங்கள் சேர்த்த தொகையில் அதைச் செலுத்தினாலும் 40,000 ரூபாய் கையில் மிஞ்சும். அதில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிடலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வெளியே ஒரு தோழியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே போகிறார்கள் அந்தப் பிள்ளைகள். நீயும் நானும் அப்படி நின்றவர்கள்தானே. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மாறவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

இதில் காலக்கணக்கும் முக்கியம். நம் மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் உண்டு. கோடை மழையும் சேர்ந்தால் கூரை நன்றாகக் காய்ந்திருப்பது தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான். சுருக்கியைத் தட்டிக் கெட்டிப்படுத்தி உலரவிட, மழையில்லாத நாட்கள் வேண்டும். இந்த மாதங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் இரண்டு மழைக்காலம் அந்தக் கம்பிகளின் மேல் போய்விடும்.

இன்னொன்றையும் கேட்க நினைக்கிறேன். ஒரு முறை கொடுத்துவிட்டு நின்றுவிடாமல், நம் வகுப்பில் இருபத்தைந்து பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால், அரசு மானியத்துக்கு இணையான தொகை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்றே கிடைக்கும். மே மாதம் ஒரு முறை, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முறை ஆளை ஏற்றிச் சருகை அள்ளி, குழாய்களைக் குத்திவிட்டு, வெடிப்பை அடைத்தாலே தளம் பல்லாண்டு நிற்கும் என்று கொத்தனார் உறுதியாகச் சொன்னார். ஏரி மதகையும் வரத்துக் கால்வாயையும் ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டதைத்தானே குடிமராமத்து என்றார்கள்? பள்ளிக்கூடத்துக்கும் அப்படி ஒரு முறை வேண்டும் என்பது என் விருப்பம். மராமத்துப் பதிவேடு ஒன்றை நானே தொடங்கியிருக்கிறேன். எந்தச் சுவரில் எந்த நாளில் என்ன பழுது கண்டோம், யார் சரிசெய்தார், எவ்வளவு ஆனது என்று எழுதி வருகிறேன். வரவுசெலவுக்கு இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு வேண்டும்; அதை எந்த வகையில் தொடங்குவது முறை என்று நீதான் வழிகாட்ட வேண்டும்.

வளைவு கேட்டவர்களின் மனம் எனக்குத் தெரியும். படித்த பள்ளியின் வாசலில் நம் வகுப்பின் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசை தவறானது இல்லை. வேலை முடிந்ததும் வகுப்பறைச் சுவரில் ஒரு சிறு கல்வெட்டுப் பதிக்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்.

26ஆம் தேதி கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். பொறியாளர் அதற்கு முந்தைய வியாழக்கிழமை வந்து அளந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வருவதற்குள் எல்லாரையும் கேட்டு உன் பதிலைத் தொலைபேசியிலாவது தெரிவித்துவிடு. கூரையின் படங்களைத் தனியே அனுப்புகிறேன்; தயங்குகிறவர்களிடம் அவற்றைக் காட்டு. மாசியில் வேலை நடக்கும்போது உன்னால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாங்கி மேலே வர முடியுமானால் வா. முழங்கால் வலிக்குமானால் பிள்ளைகளின் தேர்வு முடிந்தபின் வரலாம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி