இடைச்செருகல் நிரல்: ஆய்வகத்தில் சொல்லித்தர வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 வணிகக் கணிதத்திலும் பொறியியல் படிப்பின் எண்ணியல் முறைகளிலும் இடைச்செருகல் (தெரிந்த மதிப்புகளைக் கொண்டு இடையிலுள்ள மதிப்பைக் கணிப்பது) உண்டு. தாளில் சரியாகப் போடும் மாணவர்கள்கூட அதை நிரலாக எழுதும்போது சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

தமிழக மக்கள்தொகையையே எடுத்துக்கொள்வோம். 1951 முதல் 2011 வரை 7 கணக்கெடுப்புகள், ஆகவே அந்த 7 புள்ளிகள் வழியாகவும் செல்லும் 6-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை. ஆண்டை அப்படியே போட்டு அடுக்கேற்றினால் 2011-இன் 6-ஆம் அடுக்கு 20 இலக்கம் வரும். கணினியில் தசம எண்களைச் சேமிக்கும் டபுள் வகையோ ஏறத்தாழ 16 இலக்கம்தான் தாங்கும். பூதாகரமான எண்களைக் கழித்து மிஞ்சுவதுதான் விடை என்பதால், விட்டுப்போன இலக்கங்கள் விடையைக் கெடுத்துவிடும். ஆண்டிலிருந்து 1981-ஐக் கழித்து 30-ஆல் வகுத்தால் எல்லாம் -1க்கும் 1க்கும் இடையே அடங்கும்.

கோவையின் கெழுக்களை (உறுப்புகளைப் பெருக்கும் எண்களை) காண சமன்பாட்டுத் தொகுதி வேண்டாம். மதிப்புகளின் வேறுபாட்டைப் புள்ளிகளின் இடைவெளியால் வகுத்துக்கொண்டே போகும் நியூட்டனின் டிவைடட் டிஃபரன்ஸ் முறைக்கு ஒரே ஒரு பட்டியல் போதும். 7 புள்ளிக்கு 21 வகுத்தல்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி உறுப்பிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். முன்னோக்கிப் போனால், அடுத்த உறுப்புக்குத் தேவையான பழைய மதிப்பு அழிந்துவிடும். 1, 2, 4, 5 ஆகியவற்றின் கனங்களைக் கொடுத்துப் பாருங்கள். கெழுக்கள் 1, 7, 7, 1 என வர வேண்டும். திசை தவறினால் 1, 7, 7.17, 5.65 என வரும். முதல் மூன்றும் சரிபோலத் தெரிவதால் இந்தப் பிழை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். சி மொழியில் முழு எண் வகையிலேயே வகுத்தால் பின்னம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

நிரல் சரியாக இருந்தும் விடை தவறாகும் இடம் ஒன்று உண்டு. அந்த 7 புள்ளிகளைக் கோடியில், இரண்டு தசமத்துக்குத் திருத்திக் கொடுத்து (3.01, 3.37, 4.12, 4.84, 5.59, 6.24, 7.21) கணக்கெடுப்பு ஆண்டுகளின் எல்லைக்கு வெளியே உள்ள 2021-ஐக் கேட்டால் 11.62 கோடி என்கிறது! இந்த 60 ஆண்டுகளில் எந்தப் பத்தாண்டிலும் ஒரு கோடிகூடக் கூடாத மாநிலம், ஒரே பத்தாண்டில் 4.41 கோடி கூடியதாக ஆகிறது. தசமத்தைத் திருத்தாமல் துல்லிய எண்ணிக்கையைக் கொடுத்தால் 11.48 கோடி. உள்ளீட்டில் அரை லட்சத்துக்கும் குறைவான திருத்தங்கள் விடையை 14 லட்சம் நகர்த்திவிட்டன. 2021 கணக்கெடுப்பு நடக்காததால் இந்த எண்ணை யாரேனும் நம்பிவிடக்கூடும்.

எல்லைக்கு உள்ளேயும் சம இடைவெளிப் புள்ளிகளில் படி கூடக்கூட ஓரங்களில் வளைவு ஊசலாடக்கூடும் என்பதை ஜெர்மானியக் கணிதவியலாளர் ருங்கே 1901-இலேயே காட்டினார். புள்ளிகளை நாமே தேர்ந்தெடுக்க முடிந்தால் ஓரங்களில் நெருக்கமாக அமையும் செபிஷேவ் புள்ளிகள் நல்லவை. கணக்கெடுப்புபோல் ஆண்டுகள் முன்பே முடிவாகியிருந்தால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே 3-ஆம் படித் துண்டுகளை வழவழப்பாக இணைக்கும் கியூபிக் ஸ்ப்ளைன் போதும்.

பாடநூல் குழு இந்த 2021 கணக்கை ஆய்வகப் பயிற்சியாகச் சேர்க்க வேண்டும். மாணவர்கள் 11.62 என்ற விடையைத் தாங்களே வரவழைத்து, அது ஏன் வந்தது என்று எழுதட்டும்.

கணினி அறிவியல் ஆசிரியர்,
மதுரை