விமானி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. துபாயில் விமானிக்கு இவ்வளவு, தோஹாவில் இவ்வளவு, ஹாங்காங்கில் இவ்வளவு, சிங்கப்பூரில் இவ்வளவு, கடைசியில் கோலாலம்பூரில் இவ்வளவுதான் என்று எல்லாவற்றையும் மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) மாற்றிப் போட்டு, கீழே "நம் பிள்ளைகள் ஏன் இங்கேயே கிடக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி. என் தம்பி துணை விமானி. நான் கணக்கு வேலை பார்க்கிறவள். அவனுக்கும் அவனுடைய நண்பர்கள் சிலருக்கும் வந்த ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்துக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டியலை நம்பி எந்தக் குடும்பமும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விமானியின் சம்பளம் ஒரே தொகையாக வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் தனி, பறந்த மணிக்குக் கிடைக்கும் பணம் தனி, வெளியூரில் தங்கினால் சாப்பாட்டுப் படி தனி, சில நாடுகளில் வீட்டுப் படியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேரும். பட்டியல் போடுகிறவர்கள் நிறையப் பறந்த ஒரு மாதத்தை எடுத்து எல்லாவற்றையும் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். விமானம் பழுதாகி நின்ற மாதம், பயிற்சிக்கும் சிமுலேட்டர் தேர்வுக்கும் போன மாதம், காய்ச்சலில் படுத்த மாதம் எல்லாம் அந்தக் கூட்டலில் வருவதே இல்லை. அதனால் ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது குறைந்தபட்ச உத்தரவாத மணி என்ற வரியைத்தான். நிறுவனம் பறக்க வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உண்டு என்று சொல்லும் வரி அது. சில ஒப்பந்தங்களில் தெளிவாக இருக்கிறது, சிலவற்றில் "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது" என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது, சிலவற்றில் அந்த வரியே கிடையாது. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது இந்த ஒரு வரி இருந்தவர்களும் இல்லாதவர்களும் எப்படிப் பிழைத்தார்கள் என்று விமானி இருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் அந்த மணியை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான இடங்களில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறு ஊரில் போய் நிற்கும் வரைக்கும்தான் கணக்கு, இதைத்தான் பிளாக் மணி என்கிறார்கள். தோஹாவிலிருந்து லண்டனுக்கு ஒரே பயணத்தில் ஏறக்குறைய ஏழு பிளாக் மணி சேர்ந்துவிடும். பினாங்கிலிருந்து சின்ன தூரங்களுக்குப் பறக்கிறவர் காலையில் ஆறு மணிக்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு, கோலாலம்பூர் போய் வந்து மறுபடி இன்னொரு ஊருக்குப் போய் வந்து, நான்கு முறை ஏற்றி இறக்கி, நடுவில் பயணிகள் ஏறும் வரை, பெட்டிகள் ஏற்றும் வரை, மழை விடும் வரை காத்திருந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வீடு திரும்பினாலும் கணக்கில் விழுவது நான்கு மணி நேரம் சொச்சம்தான். உடம்பு உழைத்தது முழு நாள். அதனால் ஒரு மணிக்கு இவ்வளவு என்று இரண்டு பணித்தளங்களை, அதாவது விமானி எந்த ஊரிலிருந்து பறக்கிறாரோ அந்த ஊர்களை, ஒப்பிடுகிறவர்கள், அந்த ஒரு மணியைச் சேர்க்க எத்தனை மணி பணியில் இருக்க வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பல நாடுகளில் 28 நாளில் 100 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் குறுந்தூரம் பறக்கிறவர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போவதற்குள்ளேயே களைத்துவிடுகிறார். பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து விமானத்தை எடுத்து வரச் சொன்னால், அந்தப் பயணத்துக்குச் சில நிறுவனங்கள் முழுப் பணம் கொடுக்கின்றன, சில பாதி கொடுக்கின்றன, சில எதுவுமே கொடுப்பதில்லை. இதுவும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

வெளிநாடு வரை போக வேண்டாம், நம் நாட்டுக்குள்ளேயே தளம் மாறினால் கையில் மிஞ்சுவது மாறுகிறது. பினாங்கில் வீடு, கோலாலம்பூரில் பணித்தளம் என்று இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கும் பினாங்கிலேயே பணித்தளம் உள்ளவர்களுக்கும் சம்பளச் சீட்டில் ஒரே தொகைதான். ஆனால் பினாங்கைத் தளமாகக் கொண்டவர் ராத்திரி தன் வீட்டில் படுக்கிறார். மற்றவர் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாலாக் திங்கியிலோ கோத்தா வாரிசானிலோ இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து அறை எடுத்து வாடகை கட்டுகிறார், காருக்குத் தவணை, டோல், பெட்ரோல். விடுப்பு நாளில் ஊருக்கு வர ஊழியர் டிக்கெட் இருக்கிறதுதான், காலி இருக்கை இருந்தால்தான் அதில் ஏற முடியும், தீபாவளி வாரத்தில் எந்த விமானத்தில் இருக்கை காலியாக இருக்கும்? எங்கள் வீட்டில் அம்மா முறுக்கு டப்பாவைக் கட்டி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், அவன் பட்டர்வொர்த்துக்கு ரயிலில் வந்து இறங்கும்போது பாதி விடுப்பு போயிருக்கும். ஸ்டேன்ட்பை நாளில் வீட்டுக்கு வரவும் முடியாது, கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் யாரும் பட்டியலில் கழித்துக் காட்டுவதில்லை.

சரி, வளைகுடாவுக்கு வருவோம். அங்கே போவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. இங்கே ஆண்டு வருமானத்தில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு 25 விழுக்காடு வரி, நான்கு லட்சத்தைத் தாண்டினால் அதற்கும் மேல். அது பெரிய வித்தியாசம், மறுக்க முடியாது. ஆனால் இங்கே முதலாளி மாதாமாதம் ஊழியர் சேமநிதியில் போடும் 12 விழுக்காடு அங்கே இல்லை. அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் அதற்குப் பதிலாகப் பணி முடிவுத் தொகை தருகிறது, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் முதலாவது 6 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு, இரண்டாவது 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும்தான், வீட்டுப் படியும் பறக்கும் பணமும் அதில் சேராது. சேமநிதிக்கு 2024-இல் 6.30 விழுக்காடு லாப ஈவு கிடைத்தது, பணி முடிவுத் தொகைக்கு அப்படி ஆண்டுதோறும் எதுவும் சேர்வதில்லை. சில நிறுவனங்கள் சொந்தமாகச் சேமநிதித் திட்டம் வைத்திருக்கின்றன, அதனால் நேர்முகத் தேர்விலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டே நம் சேமநிதியில் தானாக ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை கட்டலாம், போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள், பலருக்குத் தெரியவில்லை.

வெள்ளியில் மாற்றிப் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமீரகத்தின் பணமான திர்ஹாம் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாக இருக்கிறது. நம் வெள்ளி அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளி வரை போனது, அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 பக்கம் வந்துவிட்டது. உதாரணத்துக்கு மாதம் 30,000 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால் பிப்ரவரியில் அது 39,000 வெள்ளிக்கு மேல், செப்டம்பரில் 34,000-க்கும் கீழே. நிறுவனம் ஒரு காசு குறைக்கவில்லை, இங்கே வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்துக்கு மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் குறைந்துவிட்டது. அந்தப் பட்டியலில் எந்த மாத விகிதத்தைப் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

சிங்கப்பூரைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே சிபிஎஃப் என்ற சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் போகும் மலேசியருக்கு அது கிடையாது, அதனால் சிங்கப்பூர்க்காரர் ஒருவரின் மொத்தத் தொகையை நம் பிள்ளைக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேலை போனால் என்ன ஆகும் என்பது என்னை அதிகம் உறுத்துகிறது. நிறுவனம் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, நிறுவனத்தின் விசாவில், பிள்ளைகள் நிறுவனப் பணத்தில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வேலை போனால் எல்லாம் ஒரே சமயத்தில் போகிறது. 2020 அக்டோபரில் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் 5,900 பேரை வேலையிலிருந்து எடுத்தது, தன் துணை நிறுவனமான கேத்தே டிராகனை மூடியது, மிஞ்சிய விமானிகளைச் சம்பளம் குறைந்த புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. அடுத்த ஆண்டு கனடா, ஆஸ்திரேலியா தளங்களையும் மூட முடிவெடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே அப்படி. இங்கேயும் 2015-இல் மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) புதிய நிறுவனமாக மாறியபோது 6,000 பேருக்கு வேலை போனது, 2023 அக்டோபர் 12-ஆம் தேதி மைஏர்லைன் என்ற விமான நிறுவனம் ஒரே நாளில் நின்றது. ஆனால் சொந்த ஊரில் வேலை போனால் தங்க வீடாவது இருக்கும், பேச உறவினர்கள் இருப்பார்கள், 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி முறையிட வழியும் இருக்கிறது.

பாண்ட், அதாவது இத்தனை ஆண்டு வேலை செய்யாமல் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம், பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தம்பி முதலில் சேர்ந்த நிறுவனம் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதி) பயிற்சிச் செலவுக்காக அவனைச் சில ஆண்டுகள் கட்டிப்போட்டது, அதில் தப்பில்லை, பயிற்சிக்குச் செலவு ஆகிறது. ஆனால் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அந்தத் தொகை குறையும் என்று எங்குமே எழுதவில்லை. கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அவன் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்குக் காட்டினான், போய்க் கேட்டபோது "எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்" என்றார்கள். இன்றைக்கும் எனக்கு அதில் ஆத்திரம் தீரவில்லை. விமானப் பள்ளிக்குப் பணம் கட்ட அப்பா சேமநிதியிலிருந்து எடுத்தார், வீட்டின் மேல் மறுகடன் வாங்கினோம், அந்த நிலையில் இருக்கும் 22 வயதுப் பையன் எதைக் கேட்டாலும் கையெழுத்துப் போடுவான், அது அவர்களுக்கும் தெரியும்.

விலகும் அறிவிப்புக் காலமும் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 2017 முதல் கேப்டனுக்கு ஓர் ஆண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம். அங்கே வேலை கிடைத்துப் போகும் நம் பிள்ளைகள் இன்னொரு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் உடனே கிளம்பிவிட முடியாது. அப்புறம் சீனியாரிட்டி. ஒரு நிறுவனத்தில் எட்டு ஆண்டு பறந்தவர் இன்னொன்றுக்குப் போனால் பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும், கேப்டன் பதவி உயர்வும் நல்ல தளமும் அந்த வரிசைப்படிதான் கிடைக்கும். மாதம் 5,000 வெள்ளி கூட வருகிறது என்று போய், கேப்டன் ஆவதற்கு ஐந்து ஆண்டு தள்ளிப்போனால் அது லாபமா நஷ்டமா என்று அவரவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இங்கே வந்து ஆள் எடுக்கும் நிறுவனங்கள், உள்ளூரோ வெளியூரோ, ஒப்பந்தத்தின் நகலைத் தேர்வு நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு சொல்ல வேண்டும். பாண்ட் தொகை மாதத்துக்கு மாதம் குறைய வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும். உங்கள் நாளிதழிலும், எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவுகள் வரும் நேரத்தில் விமானப் பள்ளி விளம்பரங்கள் வரும் பக்கத்திலேயே, ஒப்பந்தத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை எழுதச் சொல்லிப் போட்டால் நிறையக் குடும்பங்களுக்கு உதவும். கணக்குப் பகுதியை எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு விமானியின் அக்கா,
பாயான் பாரு, பினாங்கு