‘வெட்டுனான்’ என்றாள், ‘விழுந்தாள்’ என்று எழுதினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பெயர் போட்டால் வீட்டில் பையன் கோபிப்பான். கொட்டாஞ்சேனையில் போட்டோ கொப்பி, தட்டச்சு, ரீலோட் எல்லாம் செய்கிற ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகிறது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பேன், சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொல்வேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. கொப்பிக்கு மட்டும்தான்.

என் மூத்தவனுக்கு இருபது வயது. பயோ படித்தான். இரண்டு தரம் உயர்தரம் எழுதியும் மருத்துவ பீடத்துக்கு எடுக்கிற இசட் புள்ளி காணவில்லை. பல்கலைக்கழக இடங்களை அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டக் கோட்டா 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பிரிக்கிறார்கள். கொழும்பிலிருந்து எழுதுகிற பிள்ளைக்கு அது கஷ்டம்தான். ஆனால் அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, தோட்டத்துப் பிள்ளையும் டொக்டராக வேண்டும்தானே. மூன்றாம் தரம் எழுதமாட்டேன் என்று இவன் சொல்லிவிட்டான். இப்போது அவனுக்கு இரண்டு யோசனை. ஒன்று, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற இலவச அம்புலன்ஸில் ஈ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர், ஆகப் போவது. மற்றது பொலிஸில் சப் இன்ஸ்பெக்டருக்கு விண்ணப்பிப்பது.

இரண்டும் ஒரே நாளில்தான் அவன் மனதில் விழுந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அவனுக்கு அப்போது பதினாலு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டோக்காரர்கள் ஆட்களை மடியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிப் பக்கம் பறந்தார்கள். பின்னேரம் தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போன மூன்று பொலிஸார் அங்கே வெடித்த குண்டில் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. என்ன நினைத்தான் என்று நானும் கேட்கவில்லை.

அம்புலன்ஸ் யோசனைக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பு இல்லை. அதற்கு என் மாமிதான் காரணம். மட்டக்குளியில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் வேலை செய்து எத்தனையோ மாதம். போன வருடம் ஒரு நாள் டியூஷன் முடிந்து பையன் அப்பம்மாவைப் பார்க்கப் போனால், அவர் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறார், வாய் கோணியிருக்கிறது. 1990க்கு அடித்தான். பதினொரு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். ஏறி வந்தது ஒரு சிங்களப் பிள்ளை. முடியை இறுக்கிக் கட்டியிருந்தாளாம், நாலு மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லையாம். மாமியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், ஏதாவது பேசச் சொன்னாள். எல்லாம் சிங்களத்தில். மாமி அவளை வெறித்துப் பார்த்தார்.

எனக்கு இன்றைக்கும் மறக்காத இடம் அதுதான். மாமிக்கு மூளை கலங்கிவிட்டதா, அல்லது சிங்களம் விளங்கவில்லையா? அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்? பையன்தான் குனிந்து, “அப்பம்மா, ரெண்டு கையையும் தூக்குங்க” என்றான். வலது கை எழும்பியது. இடது கை மடியை விட்டு அசையவில்லை.

அப்புறம் அவள் கேட்டது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று. பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் அது தெரியும், அவருக்கும் தமிழ் மட்டும்தான். “ஸ்கூல் வேன் வந்து நிக்கேக்க நல்லாத்தானே கதைச்சா” என்றார். வேன் வருவது இரண்டு பத்துக்கு. பையன் சொல்ல, அவள் தன் படிவத்தில் 2.10 என்று எழுதினாள். அந்த நேரம் ஏன் முக்கியம் என்று ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்கு விளங்கியது. மாமிக்கு வந்தது பாரிசவாதம். மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முதல் ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்றும் பார்க்க வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் டொக்டர் யோசிப்பார். மாமி இப்போது பொல்லு ஊன்றி நடக்கிறார். இறங்கும்போது அந்தப் பிள்ளை பையனிடம், “நீயும் எங்களோடு வந்து சேரேன்” என்று சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். இவன் பிடித்துக்கொண்டான்.

2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியில் 88 வண்டியோடு தொடங்கிய சேவை அது. முதலில் சேர்ந்தவர்கள் ஹைதராபாத்துக்குப் போய்ப் படித்து வந்தார்கள். பிறகு நாடு முழுக்கப் போனது, வண்டி 297 ஆனது. இன்றுவரை ஒரு சதம் கேட்பதில்லை. அதை ஒருவரும் குறையாகக் கதைக்க நான் கேட்டதில்லை. குறை சொல்வது என் நாத்தனார் மட்டும்தான்: “டொக்டராக முடியாதவனுக்கு அம்புலன்ஸ்.” ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டொக்டர் நோயாளியைக் காணும் முன்னமே நாலாம் மாடியிலிருந்து படிப்படியாக உயிரை இறக்கிக்கொண்டு வருவது அந்த வேலை என்று நான் சொன்னேன். இரவு ஷிப்டும் முதுகு நோவும் இருக்கத்தான் செய்யும். சரி, அது வேறு கதை.

பொலிஸ் என்றதும் வீடு இரண்டாகிவிட்டது. கனடாவிலிருந்து தம்பி எடுத்தான். “அக்கா, உங்களுக்கு விசரா?” என்றான். அவனைக் குறை சொல்லமாட்டேன். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அதில் ஒரு பஸ்ஸில் அவனும் இருந்தான். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது உண்மை. ஆனால் பல் துலக்காமல் பஸ்ஸில் ஏறினவனுக்கு நீதிமன்றக் கட்டளை நினைவில் நிற்காது. பல் துலக்காத காலைதான் நிற்கும். எங்கள் சனம் சீருடையைக் கண்டால் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கிற சனம். என் கையும் இன்னும் பைக்குள் போகிறது.

நானும் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். மனம் மாறியது கடையில் நடந்த ஒரு விஷயத்தால்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை வந்தாள். மலையகம், வீட்டு வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவள். முன்கையில் நீளமாகக் கட்டு. இரண்டு தாளைக் கொப்பி எடுக்க வேண்டும் என்றாள். ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட். மற்றது பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லமாட்டேன். முதல் தாளைக் கண்ணாடியில் வைத்தேன். கூரிய ஆயுதத்தால் ஏற்பட்ட காயம் என்று இங்கிலீஷில் இருந்தது. இரண்டாவதை வைக்கும்போது கண் ஓடியது. வீட்டுக்குள் விழுந்து கை காயப்பட்டது என்று சிங்களத்தில் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து, தமிழில்.

“நீ என்ன பிள்ளை சொன்னாய்?” என்று கேட்டேன்.

“நான் தமிழ்லதான் அக்கா சொன்னேன். மச்சான் வெட்டுனான், வெட்டுனான்னு சொன்னேன். அவரும் ‘வெட்டுணா, வெட்டுணா’ன்னு திருப்பிச் சொல்லித்தான் எழுதினாரு. வெளங்கிடுச்சுன்னு நெனச்சேன்.”

சிங்களம் தெரிந்த வாசகர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். சிங்களத்தில் ‘வெட்டுணா’ என்றால் விழுந்தாள், விழுந்தது. நம் காதுக்கு அது ‘வெட்டுனா’ மாதிரியே கேட்கும். அந்த உத்தியோகத்தர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தனக்கு விளங்கிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவளும் தனக்கு விளங்கிய அதே சொல்லைக் கேட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் தலையாட்டியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரி டொக்டரும் சிங்களவர்தான், தமிழ் தெரியாதவர்தான். ஆனால் அவர் முன்னால் காயம் இருந்தது. விழுந்து கிழிந்த தோலின் ஓரம் நைந்திருக்கும், கத்தி போன இடம் கோடு இழுத்த மாதிரி இருக்கும். பார்த்து எழுதிவிட்டார். பொலிஸ் மேசையில் இருப்பவருக்குச் சொல் மட்டும்தான் கிடைக்கிறது.

பொறுப்பதிகாரிக்கு நான் சிங்களத்தில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன், டயக்னோசிஸ் கார்டின் கொப்பியையும் இணைத்தோம். இரண்டாவது வாக்குமூலம் எடுத்தார்கள். ஆனால் வழக்கில் மச்சானின் லோயர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அன்றைக்கு விழுந்தேன் என்றாய், இன்றைக்கு வெட்டினான் என்கிறாய். எது பொய்?” வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது.

அம்புலன்ஸில் மொழி பிழைத்தால் அடுத்த படியில் ஸ்கேன் இருக்கிறது, டொக்டர் இருக்கிறார், பிடித்துவிடலாம். எப்போதும் பிடிபடும் என்று சொல்லவில்லை, நேரம் போனால் போனதுதான். பொலிஸில் முதல் தாளில் பிழைத்தால் அந்தப் பிழை கோர்ட் வரைக்கும் கூட வருகிறது, திருத்தப் போனவள்தான் பொய்க்காரி ஆகிறாள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், பையன் பொலிஸுக்குப் போகிறேன் என்றால் தடுக்கமாட்டேன் என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

சட்டத்தில் குறையில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலைக்குப் பிறகு அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதற்கான விண்ணப்பங்களையும் நான் கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பரீட்சைத் தமிழை வைத்துக்கொண்டு ‘வெட்டுனான்’ என்பதைப் பிடிக்க முடியாது. அதற்கு அந்தச் சொல்லைச் சமையலறையில் கேட்டு வளர்ந்த ஆள் வேண்டும். அந்த ஆள் போகாமல் பார்த்துக்கொள்வது நாம்தான். பொலிஸில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்று உங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற அதே வாசகர்கள், சொந்தப் பிள்ளை பொலிஸ் என்று வாய் திறந்தால் வீட்டில் சாப்பாடு போடமாட்டார்கள். கோபிக்க வேண்டாம், என் வீட்டிலும் அதுதான் நடந்தது.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். கடைக்கு வருகிற ஒரு ஓய்வுபெற்ற தமிழ் சார்ஜன்ட் ஐயாவிடம் விசாரித்தேன். “என்ட சேவையில பாதி, மற்றவன் எடுத்த முறைப்பாட்டுக்கு நாக்கு குடுத்தது தங்கச்சி” என்றார். தமிழ் தெரியும் என்றால் எல்லாக் கேஸுக்கும் கூப்பிடுவார்களாம், கேஸ் மட்டும் அவர் பெயரில் வராதாம். பொலிஸ் திணைக்களம் இதை யோசிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளையை எடுத்தால் மொழிபெயர்ப்பு மெசினாக மூலையில் வைக்காமல் விசாரணையைக் கையில் கொடுக்க வேண்டும், தமிழ் பேசுகிற இடத்தில் போட வேண்டும். ஒரு நாள் சனத்தின் முன்னால் பொல்லோடு நிற்கச் சொன்னால் இவன் என்ன செய்வான்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனிடமும் இல்லை. கேட்டேன். “அம்புலன்ஸில போனா அந்தக் கேள்வி வராது, அது தெரியும்மா” என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவு நிலையில் சாய்ந்து நின்று உயரம் காணுமா என்று பார்க்கச் சொன்னான். பொலிஸுக்குப் போகவே கூடாது என்று ஒரு மாதம் கதைக்காமல் இருந்த இவனுடைய அப்பாதான் பென்சிலை எடுத்துக்கொண்டு போனார். கோடு கீறிவிட்டு, “குதியைத் தூக்காதே” என்று ஏசினார்.

இரண்டு விண்ணப்பமும் என் லாச்சிக்குள் இருக்கின்றன. எது முதலில் போகும் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பொலிஸ் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வரும்போது அதை நல்ல தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், கல்விப் பக்கத்தில் போடுங்கள். மருத்துவ பீடத்துக்கு எத்தனை புள்ளி என்று வருடா வருடம் போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் போதும். 

போன கிழமை அந்தப் பொலிஸ் விண்ணப்பத்தைக் கொப்பி எடுக்க நாலு பையன்கள் வந்தார்கள். மூன்று பேர் சிங்களப் பிள்ளைகள், சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நாலாமவன் கடை வெறுமையாகும் வரைக்கும் ரீலோட் காட் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டுத் தமிழில் கேட்டான். காசைக் கொடுத்துவிட்டு, “அன்டி, அப்பாட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றான். சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அவனுடைய அப்பாவை எனக்குத் தெரியும், காலையில் உங்கள் பத்திரிகையை வாங்கிக்கொண்டுதான் என் கடையைக் கடந்து போவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.