பஞ்ச் அடித்த ஷாஃப்ட்

பேட்டை, திருநெல்வேலி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கடிதம் என்றதும் பயந்துவிடாதே. நேற்று ராத்திரி நீ போனில் ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இது பில் புக்கின் பின்பக்கம், கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள். தபாலில் போட்டால் நாளைக் காலைக்குள் உனக்குக் கிடைக்காது. அதனால் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி தம்பியிடம் சொல்லப் போகிறேன். அவனும் படித்துவிடுவான். படிக்கட்டும்.

ஆச்சி உன்னை ரொம்பக் கேட்டாள். தெருவில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "என் பேத்தி பெங்களூர்ல ஏரோப்ளேன் ஓட்டுதா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். விமானக் கம்பெனியில் இரண்டு மாசப் பயிற்சிதான், அதுவும் மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இருல" என்றுவிட்டாள்.

முதலில் உன் பழைய மனத்தாங்கலுக்கு வருகிறேன். உன்கூடச் சேர்ந்த பெரிய காலேஜ் பையன்களுக்கு, இறக்கைமேல் காற்று எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. உனக்கோ எந்த ஓட்டைக்கு எந்த போல்ட், எத்தனை வாஷர் என்று பட்டியல் போடுகிற வேலை. வாசலில் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், வளையல் கூடாது, மோதிரம் கூடாது, சொல்லித்தரவேண்டிய மென்ட்டர் எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறார். இதையெல்லாம் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போது எனக்கு ஐடிஐ ஞாபகம்தான் வந்தது.

நான் ஃபிட்டர் சேர்ந்தபோது மோட்டாரைப் பிரிப்போம், இன்ஜினைப் பூட்டுவோம் என்று கனவு. கையில் கொடுத்தது ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும். வைஸில் அதைப் பிடித்து, நாலு பக்கமும் சரி மட்டமாக வரும்வரைக்கும் ராவவேண்டும். இரண்டு மாசம் அதே வேலை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப் போனது. ராவி முடித்துக் கொண்டுபோனால் வாத்தியார் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே முடி அளவு வெளிச்சம் கசிந்தாலும், "சூரியன் தெரியுதுல, போ" என்பார். அவ்வளவுதான், திரும்பவும் வைஸ். அன்றைக்கு அந்த மனுஷனை நான் திட்டாத திட்டில்லை. இன்றைக்கும் எந்த வேலையை முடித்தாலும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டேன்.

ஆனால் நீ சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் என்று ஒவ்வொரு சாமானுக்கும் பலகையில் அதன் உருவத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள், ஷிஃப்ட் முடியும்போது ஒரு இடம் காலியாக இருந்தால் அது கிடைக்கிறவரைக்கும் விமானம் நகராது என்றாயே, அது. விமானத்துக்குள் மறந்துவிட்ட ஒரு சின்ன சாமான் எங்கே போய் எதில் சிக்கும் என்று யாரால் சொல்லமுடியும்? கேட்ட மறுநாளே நம் பட்டறையிலும் ஒரு பிளைவுட் பலகையில் கறுப்பு பெயின்டால் வரைந்தேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் 17ஆம் நம்பர் ஸ்பானரைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால், பக்கத்து டீக்கடைக்காரர் கேஸ் அடுப்பு மாட்ட வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நம் ஊரில் அவ்வளவுதான் முடியும் போல.

சரி, நேற்று ராத்திரி விஷயம்.

நீ பட்டியல் போட்டது பழைய டிராயிங்கைப் பார்த்து. அதற்கப்புறம் வந்த திருத்தத்தில் ஆறு போல்ட்டுகளின் நீளம் மாறியிருக்கிறது. மென்ட்டர் உன் பட்டியலை வெள்ளிக்கிழமையே அடுத்த டிபார்ட்மென்டுக்கு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை ராத்திரிதான் உனக்கு உறைத்திருக்கிறது. "யாருக்கும் தெரியாதுப்பா. திங்கக்கிழமை சீக்கிரமே போயி ஃபைலை நானே சத்தமில்லாம மாத்திடவா?" என்றாய்.

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது யூடியூபில் எனக்கு ஒன்று காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? 1990 ஜூன் 10, இங்கிலாந்து. பர்மிங்காமில் இருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,000 அடிக்கு மேலே போனதும் பைலட்டின் முன்கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. விமானப் பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை பைலட் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். சாகவேண்டியவர், பிழைத்துவிட்டார். யாருமே சாகவில்லை. காரணம் என்ன என்று பார்த்தால் போல்ட். முந்தின நாள் விடியும் முன்னால், ராத்திரி ஷிஃப்டில் கண்ணாடி மாட்டியவர், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்திருக்கிறார். புத்தகத்தில் நம்பரைப் பார்க்கவில்லை. 90 போல்ட்டில் 84, விட்டத்தில் 0.66 மில்லி சின்னது. மீதி ஆறும் நீளம் குறைந்தது. அந்த வேலையை இன்னொருவர் மறுபடி சரிபார்க்கவேண்டும் என்று அங்கே விதியும் இல்லை.

உன் பட்டியலிலும் ஆறு என்றதும் எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. பயப்படாதே, பயிற்சிக்கு வந்த பிள்ளை போட்ட பட்டியல் நேராக விமானத்தில் ஏறிவிடாது, நடுவில் நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் அந்த நாலு பேரில் ஒவ்வொருவனும் மற்ற மூன்று பேர் பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைப்பான். முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவன் சொல்கிறேன், இதை நம்பு.

இப்போது நான் உன்னிடம் சொல்லாத ஒன்று. அம்மாவிடமும் சொன்னதில்லை.

1991 மார்கழி. படிப்பு முடிந்து டவுனில் ஒரு பட்டறையில் நான் டர்னராக இருந்தேன். மானூர்ப் பக்கத்து சம்சாரி ஒருவர் கிணற்று மோட்டார் பம்பின் ஷாஃப்டை, உள்ளே சுற்றுகிற இரும்புத் தண்டை, கொண்டுவந்தார். பிசான நெல் பால் பிடிக்கிற நேரம், மூன்று நாள் தண்ணீர் நின்றால் பதர்தான். மனுஷன் பட்டறை வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். புது ஷாஃப்ட் கடைந்தேன். பேரிங் உட்காருகிற இடம் 25 மில்லி. கடைசி வெட்டு போடும்போது, ஓனர் ஏதோ கேட்டார் என்று திரும்பிப் பதில் சொன்னேன். கை ஒரு கோடு கூடுதலாகச் சுற்றிவிட்டது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 0.1 மில்லி குறைவு. பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

சரியான வழி எனக்குத் தெரியும். வெல்டிங் ஏற்றி மறுபடி கடையவேண்டும், இல்லையென்றால் புது ராடு எடுக்கவேண்டும். எப்படியும் அரை நாள் போகும், ஓனரிடம் ஏச்சும் விழும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுத்தியலால் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கி எழும்பும், தெரியும் இல்லையா? அந்தப் பிதுக்கத்தில் பேரிங் இறுக்கமாக ஏறிவிட்டது. கையால் அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. நம் பக்கத்துப் பட்டறைகளில் இந்த வித்தை தெரியாதவர் கிடையாது. ஆனால் பேரிங்கைத் தாங்குவது அந்த ஊசிமுனைப் புள்ளிகள்தான். ஓட ஓட அது தேய்ந்துவிடும்.

அஞ்சாம் நாள் அந்தச் சம்சாரி திரும்ப வந்தார். பேரிங் சுற்றி, ஷாஃப்ட் தின்று, தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் உரசி, பம்பு நின்றுபோயிருந்தது. பஞ்ச் அடித்த புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதனால் என் வேலை யாருக்கும் தெரியவில்லை. பேரிங்கை ஏற்றியவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன், உதவிக்கு நின்ற பையன். "கோணலா அடிச்சு ஏத்திட்டியாலே" என்று ஓனர் அவனைத்தான் பிடித்தார். அவன் இல்லை இல்லை என்றான். என்னையும் ஒருதடவை பார்த்தான். நான் லேத்தின் சக்கில் மாட்டியிருந்த வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை சம்பளத்தைக் கொடுத்து அவனை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சம்சாரியின் வயல் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை.

அந்தப் பையன் இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். மேலே ஸ்பானர் வாங்கிக்கொண்டு போனார் என்று எழுதினேனே, அவன்தான். அதனால்தான் அவன் எதைக் கேட்டாலும் நான் இல்லை என்று சொல்வதில்லை. அம்மா அதற்காக என்னைத் திட்டுவதும் உனக்குத் தெரியும். இன்று காலையில் உன் போனை நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, ஸ்ட்ராங்காவா?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தான். இரண்டு டீ குடித்தேன். சொல்லவேண்டும் என்றுதான் போனேன். கூட்டமாக இருந்தது, அப்புறம் கூட்டம் குறைந்தது, அப்போதும் வாய் வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் போட்டு வைத்ததால் துருப்பிடித்து இறுகிவிட்டது, எந்த ஸ்பானருக்கும் கழல மாட்டேன் என்கிறது. உன்னுடையது இரண்டு நாள் மரை. கையாலேயே கழற்றிவிடலாம்.

ஃபைலைச் சத்தமில்லாமல் மாற்றாதே. நீ மாற்றினாலும், வெள்ளிக்கிழமை போன பட்டியல் அடுத்த டிபார்ட்மென்டில் இருக்கத்தான் செய்யும். ஒரே பெயரில் இரண்டு பட்டியல் கம்பெனிக்குள் உலவும். எது சரி என்று நாளைக்கு உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீயோ ஜூலையில் ஊருக்கு வந்துவிடுவாய்.

காலையில் மென்ட்டர் மீட்டிங்குக்குள் நுழைவதற்கு முன்னால் பிடித்துவிடு. பழைய டிராயிங், புது டிராயிங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஆறு வரியையும் குறித்துக்கொண்டு போ. எந்தப் பட்டியல், என்றைக்குப் போனது, என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் சொல். ஏன் அப்படி ஆயிற்று என்று அவர் கேட்டால் சொல், நீயாக நீட்டாதே. நேரில் சொன்னதையே மெயிலிலும் போட்டுவிடு.

அதற்கு அவர் கத்தலாம். கடைசியில் வேலைக்கு எடுப்பார்களா என்ற கணக்கில் இது உன்னைப் பின்னுக்குத் தள்ளவும் தள்ளலாம். ஒன்றும் ஆகாது என்று உன்னிடம் பொய் எழுத எனக்கு மனசில்லை.

உன் மாமா பணகுடியில் இருந்தபோது மகேந்திரகிரி மலைப்பக்கம் உறுமல் கேட்டால், "ராக்கெட்காரன் இன்ஜின் ஓட்டுதான்" என்பார். அங்கேதான் 2009 நவம்பர் 15 அன்று ரொம்பக் குளிர்ந்த எரிபொருளில் ஓடுகிற நம் நாட்டுக் கிரையோஜெனிக் இன்ஜினை 720 விநாடி, முழு நேரமும் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. 2010 ஏப்ரல் 15 அன்று அதை வைத்து ஜிஎஸ்எல்வி ராக்கெட் கிளம்பியது, விழுந்தது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கிற ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்பு நிமிஷத்துக்கு 34,000 சுற்றுக்கு மேல் போய், அப்புறம் நின்றுவிட்டது. நம் மானூர் கதை மாதிரிதான், பம்பு. பம்புக்குள் சுற்றுகிற ரோட்டர், கசிவைத் தடுக்கிற சீல் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பம்பைச் சுற்றவைக்கிற டர்பைனின் உறை வெடித்திருக்கலாம் என்று இஸ்ரோ மூன்று மாசத்துக்குள் வெளியே சொன்னது. 2014 ஜனவரி 5 அன்று திரும்பப் பறக்கவிட்டார்கள், போய்ச் சேர்ந்தது. நாம் இரண்டு பேரும் டிவி முன்னால் நின்று கை தட்டினோமே, நீ அப்போது ஃப்ராக் போட்டிருந்தாய்.

அம்மா பருப்புப் பொடியும், இரண்டு அல்வா பாக்கெட்டும் வைத்துக் கட்டியிருக்கிறாள். இன்று ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், காலையில் மடிவாளாவில் வாங்கிக்கொள். ஒரு பாக்கெட் உன் மென்ட்டருக்கு. ஆனால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. அவருக்குத் தமிழ் தெரியும் என்றாய். திருநெல்வேலிக்காரி பட்டியலைத் தப்பாகப் போட்டுவிட்டுக் கையில் அல்வாவும் கொடுத்தாள் என்றால் மனுஷன் என்ன நினைப்பார்? செவ்வாய்க்கிழமை கொடு.

பேசி முடித்ததும் போன் பண்ணு. லேத் ஓடிக்கொண்டிருந்தாலும் எடுப்பேன்.

அப்பா