அன்று நீ மாடியில் சொன்னது

திருச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள ராமலிங்கம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். காரணம் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை, பொறுத்துக்கொள். தங்கச்சியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பாலு அண்ணன் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முதல் வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறார்.

நேற்று மாலை நம் பழைய கூடத்தில் ‘சிட்டி ஆஃப் காட்’ என்ற பிரேசில் படத்தைத் திரையிட்டோம். ஆம், அதே படம்தான். 2004இல் பாலு அண்ணன் வீட்டு மாடியில், நின்று நின்று ஓடிய ஒரு டிவிடியில் பார்த்துவிட்டு, விடியும்வரை நீயும் நானும் சண்டை போட்டோமே, அந்தப் படம். “இந்த ஆள் வறுமையைக் காட்டவில்லை, அதை ரசிக்கக் கற்றுக்கொடுக்கிறான்” என்று நீ சொன்னாய். உனக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை என்று நான் சொன்னேன். அதன்பிறகு மூன்று மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. உன் கட்சிக்கு இருபது ஆண்டு கழித்து நேற்று ஒரு சாட்சி கிடைத்தது. உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

வந்தவர்கள் நாற்பது பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பார்கள். பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். 2002 மே மாதம் கான் விழாவில் இந்தப் படம் முதலில் காட்டப்பட்டபோது அவர்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். தொடக்கத்தில் கத்தி தீட்டும் ஓசையோடு அந்தக் கோழி கட்டவிழ்த்துக்கொண்டு சந்து சந்தாக ஓட, துப்பாக்கியோடு பையன்கள் அதைத் துரத்துகிறார்கள் இல்லையா, அங்கேயே கூடம் சிரித்துவிட்டது. அதில் தவறில்லை, நாமும் சிரித்தோம். பிறகு அந்தச் சின்னப் பயல், விடுதிக்குள் புகுந்து ஒருவர் விடாமல் சுட்டுவிட்டுச் சிரிக்கும் இடத்திலும் சிலர் சிரித்தார்கள். அவன் வளர்ந்து, பழைய பெயரைத் தூக்கியெறிந்து, இனி என் பெயர் லில் ஸே என்று அறிவிக்கும் இடத்தில் விசில் பறந்தது. நம் ஊர்த் திரையரங்கில் கதாநாயகன் அறிமுகமாகும்போது பறக்கும் விசில்தான் அது. வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பிறகு அந்தச் சந்துக்காட்சி வந்தது. கடைகளில் திருடிய இரண்டு பொடியன்களை மூலையில் நிறுத்தி, கையில் சுடவா காலில் சுடவா என்று லில் ஸே கேட்கிறானே, அது. ஒரு பையன் அழுதுகொண்டே கையை நீட்டுகிறான். இன்னொரு சிறுவனின் கையில் துப்பாக்கியைத் திணித்து, இருவரில் ஒருவனைக் கொல் என்கிறார்கள். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடியும்வரை அவர் திரும்பி வரவே இல்லை. அந்த அமைதிக்காகத்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டது என்று நான் 2004இல் வாதாடினேன் அல்லவா? அதுவரை வேகமாக ஓடவிட்டு, சிரிக்கவிட்டு, நம்மையும் அந்தக் கும்பலோடு சேர்த்துக்கொண்டு போய், அந்தச் சந்தில் நிறுத்தி, இதற்கா சிரித்தாய் என்று கேட்கிறான் என்றேன். நேற்று அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோது, நான் சொன்னது சரிதான் என்று எனக்கே ஒரு நிறைவு ஏற்பட்டது.

அந்த நிறைவு இரவு எட்டரை மணிவரைதான் நீடித்தது. படமும் கலந்துரையாடலும் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து வந்த இரண்டு மாணவர்கள் என் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவன் மற்றவன் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டி, “கையா, காலா?” என்று கேட்டான். மற்றவன் அழுவதுபோல் உதட்டைப் பிதுக்கிக் கையை நீட்டினான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராமலிங்கம், அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஒருவன், நாற்காலிகளை அடுக்கிவைக்க எனக்கு உதவிய பையன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொல்பவன். அதே காட்சியில் அவனும் மூச்சடங்கி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த அமைதிக்கு ஆயுள் ஓர் இரவுகூட இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ அன்று சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிரேசிலிலேயே உன் கட்சிக்கு ஆள் இருந்ததை நாம் அன்று அறிந்திருக்கவில்லை. படம் அங்கே 2002 ஆகஸ்டில் வெளியாகி, 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரையரங்கில் பார்த்த அதே காலத்தில், இவானா பென்டெஸ் என்ற விமர்சகர் அதைப் ‘பசியின் ஒப்பனை’ என்று சாடினார். 1965இல் பிரேசில் இயக்குநர் கிளாவ்பர் ரோஷா ‘பசியின் அழகியல்’ என்று ஓர் அறிக்கை எழுதியிருந்தார். பசியைப் பார்வையாளன் சுகமாகப் பார்க்கும்படி காட்டக் கூடாது என்ற பிடிவாதம் அதில் உண்டு. அந்த அழகியல் இங்கே முகப்பூச்சாகிவிட்டது என்பதே பென்டெஸின் குற்றச்சாட்டு. மாடியில் நீ கொச்சையாகச் சொன்னதும் ஏறத்தாழ இதேதான். அதைவிடக் கூர்மையாக வலித்த குரல் எம்.வி. பில் என்ற ராப் பாடகருடையது. அவர் படத்தின் கதை நடக்கும் ‘கடவுளின் நகரம்’ என்ற அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். படம் உலகமெல்லாம் புகழ் சேர்த்தது, ஆனால் அங்கே வாழும் பிள்ளைகள்மேல் ஒரு முத்திரையைக் குத்திவிட்டுப் போய்விட்டது என்று அவர் கோபப்பட்டார்.

அந்தக் கோபத்தின் பொருளை நேற்றுவரை நான் உணர்ந்ததே இல்லை. உணர்த்தியவள் ஒரு பெண். திரையிடலுக்குப் பிறகு வழக்கம்போல் கலந்துரையாடல் வைத்தோம். ஒருவர் படத்தொகுப்பைப் புகழ்ந்தார். இன்னொருவர், 60களின் காட்சிகள் பொன்னிறமாகவும் நிதானமாகவும் இருப்பதையும், 80களை நெருங்க நெருங்கக் கேமரா தள்ளாடி நிறம் வெளிறிக் குளிர்ந்து போவதையும் அழகாக எடுத்துச் சொன்னார். பாலு அண்ணன் நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளையும் விரல்விட்டு எண்ணினார். உனக்குத்தான் தெரியுமே, எண்ணி முடிக்காமல் அவர் உட்காரமாட்டார். எல்லோரும் பேசி முடித்த பிறகு, இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண் எழுந்தாள். சென்னையில் ஆற்றோரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, ஊருக்கு வெளியே வாரியக் குடியிருப்பில் கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பம் அவளுடையது. அவள் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “முதல் பத்து நிமிடத்தில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் வருகின்றன, சார். விளக்கு இல்லை, தார்ச்சாலை இல்லை, பேருந்து இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?” என்று கேட்டாள். பிறகு தன் அண்ணன் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போய், முகவரியைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் பேனாவை மூடிவைத்த கதையைச் சொன்னாள். “எங்கள் இடத்தைப் பற்றி இப்படி ஒரு படம் வந்தால், அது நல்ல படமாக இருந்தால், எனக்கு இன்னும் பயமாக இருக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நல்ல படமாக இருந்தால் இன்னும் பயம். இருபது ஆண்டுகளாகச் சினிமா பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறவன் நான். இந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அவள் சரியான இடத்தைத்தான் தொட்டாள். அந்த ஊரின் கதையே அந்த வீடுகளிலிருந்துதான் தொடங்குகிறது. 1960களில் ரியோ நகரத்தின் குன்றுச் சேரிகளை அகற்றி, அங்கிருந்தவர்களை வெகுதொலைவில் மேற்கே குடியமர்த்துவதற்காக அரசாங்கம் கட்டிய குடியிருப்பு அது. 1966 வெள்ளத்தில் வீடிழந்தவர்களையும் கட்டுமானம் முடிவதற்கு முன்பே அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை கடற்கரைப் பக்கம், வீடு இந்தப் பக்கம், நடுவில் பேருந்து கிடையாது. போதைப்பொருள் வணிகம் நுழைவதற்குப் பல ஆண்டு முன்பே அந்த ஊரைக் கைவிட்டாயிற்று. இதைப் படம் மறைக்கவில்லை. சொல்கிறது, ஆனால் ஓடிக்கொண்டே சொல்கிறது. நின்று சொல்லியிருந்தால் அந்த 30 லட்சம் பேரும் வந்திருப்பார்களா என்று 2004இல் நான் உன்னைக் கேட்டேன். இன்றும் கேட்கிறேன், ஆனால் அன்றிருந்த திமிர் என்னிடம் இல்லை.

எனினும் உன் கட்சிக்கு நான் முழுதாக வந்துவிடவில்லை. எடுத்தவர்களின் நேர்மையை நீ அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. இயக்குநர் ஃபெர்னாண்டோ மெய்ரெலஸ் விளம்பரப் படத்துறையிலிருந்து வந்தவர் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். ஆனால் கதை அவருடையதா? அந்தக் குடியிருப்பில் வளர்ந்த பாவ்லோ லின்ஸ், மானுடவியலாளர் அல்பா சலுவாருடன் அங்கேயே ஆய்வு செய்து, பல ஆண்டு உழைத்து 1997இல் வெளியிட்ட நாவல் அது. நடித்த பிள்ளைகளும் சேரிகளிலிருந்து வந்தவர்களே. ஏறத்தாழ 2,000 பேரைப் பார்த்து 200 பேரைத் தேர்ந்தெடுத்து, இணை இயக்குநர் கட்டியா லுண்டும் மெய்ரெலஸும் மாதக்கணக்கில் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். வசனங்களில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகள் தங்கள் வாயால் பேசிப் பேசிக் கண்டுபிடித்தவை. லில் ஸேயாக நடித்த லீயாண்ட்ரோ ஃபிர்மினோ அந்த ஊர்க்காரர். அவ்வளவு நெருங்கிச் சென்றவர்கள், தங்கள் படத்தை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை யோசிக்காமல் இருந்திருப்பார்களா?

யோசித்திருக்கிறார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். படத்தில் கதை சொல்லும் பையன் ராக்கெட்டை நினைவிருக்கிறதா? போர்ச்சுகீசிய மொழியில் அவன் பெயர் புஸ்காபே, அதாவது காலைத் தேடி ஓடும் வாணம். தரையிலேயே வளைந்து வளைந்து ஓடுமாம். அவன் எடுத்த கும்பலின் புகைப்படங்கள், அவனைக் கேட்காமலே நாளிதழில் முதல் பக்கத்தில் வந்துவிடுகின்றன. தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அவன் நடுங்குகிறான். லில் ஸேக்கோ தன் முகம் நாளிதழில் வந்ததில் மகிழ்ச்சி தாங்கவில்லை. நாளிதழ்க்காரர்கள் ராக்கெட்டிடம் இன்னும் படங்கள் கேட்கிறார்கள், ஏனென்றால் அவர்களால் அந்த ஊருக்குள் கால்வைக்க முடியாது. கடைசியில் அவன் கையில் இரண்டு விதமான படங்கள் இருக்கின்றன. காவலர்கள் லில் ஸேயிடம் பணம் பறித்துக்கொண்டு அவனை விட்டுவிடும் படங்கள் ஒன்று; குண்டு துளைத்துக் கிடக்கும் லில் ஸேயின் பிணம் இன்னொன்று. முதலாவதை வெளியிட்டால் அவன் பெயர் நாடெங்கும் பரவும், ஆனால் உயிர் மிஞ்சாது. அவன் பிணத்தைக் கொடுக்கிறான். வேலை கிடைக்கிறது.

இந்த முடிவை நேற்றுவரை, பிழைத்துக்கொண்ட ஒரு பையனின் சாமர்த்தியம் என்றே பார்த்துவந்தேன். உள்ளே போக முடியாத நாற்பது பேர் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பிணத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ராமலிங்கம். அந்த நாளிதழை வாங்கியவர்கள் நாம். காவலர்களின் படத்தையும், வரிசை வீடுகளையும், பேருந்து வராத சாலையையும் பற்றிக் கேட்டவள் ஒருத்திதான்; அவள் மட்டும்தான் வெளியிலிருந்து பார்க்கவில்லை. எந்தப் படம் விலைபோகும் என்பதை இந்தப் படம் தன் கடைசிக் காட்சிகளில் தானே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த ஒப்புதல் விசிலடித்தவர்களின் காதில் விழும்படி சொல்லப்பட்டதா என்றால், இல்லை. இந்த இடத்தில் நீ ஜெயித்துவிட்டாய். சின்னப் பொடியன்கள் அடுத்து யார் யாரைக் கொல்வது என்று பேசிக்கொண்டே நடந்துபோகும் காட்சியில் படம் முடிகிறது. நம் பிள்ளைகள் அங்கேயும் சிரித்தார்கள்.

கூடம் பூட்டும்போது அந்தப் பெண் சாவி வாங்க வந்தவளைப்போல் தயங்கி நின்றாள். கடவுளின் நகரத்தில் பிறந்த ரஃபேலா சில்வா 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜூடோவில் வென்று, அந்த ஒலிம்பிக்கில் பிரேசிலுக்கு முதல் தங்கத்தைத் தேடித்தந்ததை அவளிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது. பெயரைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள். பிறகு, அந்த நாவல் கிடைக்குமா, அங்கே வாழ்ந்தவர் எழுதியது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் மெல்ல மெல்லப் படித்துவிடுவாளாம்.

அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கே இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியும். மகள் கல்யாணத்துக்கு வந்தபோது இரண்டு நாளில் தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு போனாய். கல்யாணப் பெண்ணின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நாளைக்கே தபாலில் அனுப்பு. ஓரங்களில் நீ பென்சிலால் எழுதியிருக்கும் வசைகளை அழிக்க வேண்டாம், அவளும் படிக்கட்டும். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவளை முதலில் பேசச் சொல்லியிருக்கிறேன். நீயும் வா.

அன்புடன்,
சிவகுமாரன்